தொண்டர்கள் அல்ல, நிர்வாகிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அ.தி.மு.க.வில் உண்டான அணிகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று பேரனை விட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். கட்சி எப்போது உடைந்தாலும் தொண்டர்கள் ஜெயிக்கிற அணியின் பக்கம் போய்விடுவார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. தேதிகள் சரி, பெயர்கள் சரி. அந்த ஒரு வரி மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நான் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கைத்தறி லுங்கி நெய்த குடும்பம். 1972 அக்டோபரில் தலைவர் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியபோது எனக்கு வயது 18. என்னைக் கட்சிக்கு இழுத்து வந்ததே என் அண்ணன்தான்.

1989 ஜனவரித் தேர்தல் உங்களுக்குத் தெரியாதது இல்லை. தலைவர் மறைந்து பதின்மூன்று மாதம்கூட முடியவில்லை. கட்சி இரண்டாக உடைந்ததால் எங்கள் சின்னமான இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதாவின் ஜெ அணிக்குச் சேவல், தலைவரின் மனைவி ஜானகியின் ஜா அணிக்கு இரட்டைப் புறா. நான் சேவல். அண்ணன் புறா. "தலைவரு சம்சாரத்தை நடுத்தெருவுல விட்டுட்டு நான் எங்கடா போறது?" என்று கேட்டார். ஒரே வீடு, தெருப்பக்கச் சுவரில் நான் சேவல் எழுதினேன், சந்துப்பக்கச் சுவரில் அவர் புறா எழுதினார். அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள்.

முடிவு வந்தது. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. ஜானகி அம்மையாரே ஆண்டிப்பட்டியில் தோற்றார். ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அடுத்த மாதமே சென்னையில் இரண்டு அணியும் இணைந்து இலையை மீட்டுவிட்டார்கள். மேலே இருந்தவர்களுக்கு அத்தோடு முடிந்தது. எங்களுக்கு முடியவில்லை ஐயா. அந்த வருஷம் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவெல்லாம் கூடியிருந்த நேரத்தில் தங்கை மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தங்கை அழுத அழுகைக்காக ஒரு காதை அண்ணன் மடியில் வைத்தும், மறு காதை என் மடியில் வைத்தும் குத்தினார்கள்.

அதற்குப் பிறகு 25 வருஷம் அண்ணன் இரட்டை இலைக்குத்தான் ஓட்டுப் போட்டார். ஆனால் கிளையில் ஒரு பொறுப்புகூட அவருக்குத் தரவில்லை. கடைசிவரை அவர் "புறாக்காரர்"தான். 2014இல் இறந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் புறா போட்ட நோட்டீஸ் ஒரு கட்டு, சணல் பிரிக்காமல் இருந்தது. ஜெயிக்கிற பக்கம் ஒதுங்குகிறவர் அதை 25 வருஷம் வைத்திருப்பாரா?

2017க்கு வருகிறேன். ஜெயலலிதா மறைந்த பிறகு, பிப்ரவரியில் சசிகலாவை எதிர்த்து ஓ.பன்னீர்செல்வத்தின் தர்மயுத்தம், எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, எடப்பாடி பழனிசாமி அரசுக்கு 122க்கு 11 என்று சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. மார்ச்சில் மறுபடியும் இலை முடக்கம். அப்போது தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கவென்று எந்த அணிக்கு ஆதரவு என்று ஆளாளுக்குப் பிரமாணப் பத்திரம் வாங்கினார்கள். ஒரு நிர்வாகி, பெயர் வேண்டாம், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அணிக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான்கு மாதம் கழித்து அதே மனிதர் அதே திண்ணைக்கு வேறு அணியின் பத்திரத்தோடு வந்தார். போட்ட கையெழுத்தை மாற்ற மாட்டேன் என்றேன். அடுத்த பட்டியலில் கிளைச் செயலாளர் பொறுப்பில் என் பெயர் இல்லை. அவர் மட்டும் இன்றைக்கும் மேடையில் முன்வரிசையில்தான் உட்காருகிறார்.

ஆகஸ்ட் 21இல் எடப்பாடி அணியும் பன்னீர்செல்வம் அணியும் ஒன்றானது. செப்டம்பர் 18இல் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 18 எம்.எல்.ஏ.க்களின் பதவியைச் சபாநாயகர் பறித்தார். அதில் மூன்று பேர் அன்றைய எங்கள் வேலூர் மாவட்டம்: ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர். 2019 மே வரை குடியாத்தத்துக்கு எம்.எல்.ஏ. கிடையாது. இடைத்தேர்தலில் ஜெயித்த தி.மு.க. உறுப்பினர் 2020 பிப்ரவரியில் காலமாகிவிட, மறுபடியும் 2021 வரை காலி. 1954இல் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் ஐயா இது. ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் மனு கொடுக்க ஆள் இல்லாமல் இருந்தோம். முதியோர் பென்ஷன் நின்றுபோன கிழவி என்னிடம் வந்து, "உங்க கட்சிதானே ஆளுது?" என்று கேட்டாள். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

அதே 2019 ஆகஸ்ட். பணம் பிடிபட்டதால் தள்ளிப்போன வேலூர் நாடாளுமன்றத் தேர்தல். புதிய நீதிக் கட்சியின் தலைவர் ஏ.சி.சண்முகம் எங்கள் இலையில் நின்றார். என்னிடம் பொறுப்பு இல்லை. ஆனாலும் வெயிலில் தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டேன். 8,141 ஓட்டில் தோற்றோம். 2024இல் அவரே தாமரையில் நின்றார். எங்கள் இலை மூன்றாம் இடத்துக்குப் போகும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே தெரியும். அப்போதும் பூத் ஏஜென்டாகக் காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். என்னோடு உட்கார்ந்தவர்கள் யாரும் ஜெயிக்கிற பக்கம் தேடி வந்தவர்கள் அல்ல. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தோம்.

2022 ஜூலையில் எடப்பாடியா பன்னீர்செல்வமா என்ற சண்டையில், பொதுக்குழு நடந்த அன்று ராயப்பேட்டை கட்சித் தலைமை அலுவலக வாசலில் நம் கட்சிக்காரனே நம் கட்சிக்காரன்மேல் கல் எறிந்ததை டிவியில் பார்த்தேன். அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சண்டை எங்கள் கிளைக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை எழுதினால் கடிதம் நீளும்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த வரியில் "தொண்டர்கள்" என்று இருக்கும் இடத்தில் "நிர்வாகிகள்" என்று மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அண்ணன் மகன் வாராவாரம் உங்கள் இதழ் வாங்குகிறான். அந்த வரியை அவனும் படித்திருப்பான்.

இப்படிக்கு,
முன்னாள் கிளைச் செயலாளர்,
குடியாத்தம் ஒன்றியம், வேலூர் மாவட்டம்.