பஞ்சாலைக் கூலிக்கும் பேரேட்டில் இடம் உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

"பிரபுக்கள் வீட்டுக்குத்தான் வம்சாவளி. பஞ்சாலைக் கூலிகளுக்கு ஏது அதெல்லாம்?" என்று, இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் உழைத்த தம் முன்னோரைத் தேடலாமே என்று நீ சொன்னபோது உன் மாமனார் சிரித்துத் தட்டிக் கழித்துவிட்டதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னதில் பாதி சரி. நிலமும் உயிலும் இல்லாத ஜனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அரசாங்கம் அவர்களைச் சும்மா விடவில்லை. பிறந்தால் எழுதியது, மணந்தால் எழுதியது, செத்தால் எழுதியது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வீடு தேடி வந்து எண்ணியது. சோற்றுக்கு வழியில்லை என்று போய் நின்றால், குடைந்து குடைந்து கேட்டு அதையும் எழுதியது. ஏழ்மை முற்ற முற்றச் சில பேரேடுகளில் பெயர் கூடுதலாகவே தென்படும்.

இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அரசுப் பதிவில் உண்டு. மாமனாரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போ. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர் இருக்கும். அதை வைத்துப் பெற்றோரின் திருமணத்தைப் பிடி. அந்தச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் கிடைக்கும். தாய்மாரின் பெயர் மட்டும் கிடைக்காது. 2021 மே மாதம் வரை அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம்கூட வைக்கத் தோன்றவில்லை அவர்களுக்கு!

எனக்கு மிகவும் பிடித்த காகிதம் 1911 குடிக்கணக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, படிவம். முந்தைய கணக்குகளில் கணக்கெடுப்பாளர் பெயர்த்தெழுதிய புத்தகங்களைத்தான் நாம் பார்க்கிறோம். 1911இல் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய தாளே மிஞ்சியிருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அதில் கேட்டிருந்தார்கள். ஒரு நெசவாளியின் படிவத்தில் 9, 5, 4 என்று மூன்று எண்களைப் பார்த்தேன். கைம்பெண்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. இருந்தும் பலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அலுவலர் அதன்மேல் கோடு போட்டிருப்பார். கோட்டுக்கு அடியில் எண் நன்றாகவே தெரியும்.

இறந்த அந்த நான்கு பிள்ளைகள், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்திருந்தால் எந்தக் குடிக்கணக்கிலும் இருக்க மாட்டார்கள். அதற்கும் வழி உண்டு. பதிவுத் துறையின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தகப் பெயர் 1837 முதலே சேர்க்கப்பட்டிருக்கிறது. தந்தையின் குடும்பப் பெயரையும் அதையும் சேர்த்திட்டுத் தேடினால் பிறப்புகள் வரிசையாக வரும். பிறகு இறப்பு அட்டவணையில் வயதை ஒப்பிட்டுப் பார்.

மனைவியின் தொழில் கட்டம் காலியாக இருந்தால் அவள் சும்மா இருந்தாள் என்று எண்ணிவிடாதே. பர்ன்லி போன்ற நெசவாலை ஊர்களில் மணமான பெண்களும் தறியில் நின்றார்கள். அது பெரும்பாலும் பதிவாகியிருக்கும். ஆனால் ஊரார் துணியைத் துவைத்துக் கொடுத்தவளும், வீட்டில் ஆள் தங்கவைத்துச் சமைத்துப் போட்டவளும் பல படிவங்களில் வெறும் மனைவிதான்.

சில இடங்களில் பாதை அறுந்துபோகும். 1931 குடிக்கணக்கு 1942இல் தீயில் எரிந்தது. 1941இல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசிய மக்கள் பதிவேடுதான் அந்த இடைவெளிக்கு ஒரே துணை. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் போயிற்று. 1841 கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள் என்பதையும் நினைவில் வை. 33 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார்.

இணையத்தில் யாரோ கட்டி வைத்திருக்கும் வம்ச மரத்தை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளாதே. ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒரே வயதில் மூன்று பேர் இருப்பார்கள். தமக்குப் பிடித்தவரைத் தாத்தாவாக்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எப்படியாவது ஒரு பிரபுவைக் கொண்டுவந்து நிறுத்தாமல் ஓயமாட்டார்கள் சிலர். அவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று. வழியற்றவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய ஏழைகள் விடுதியில் பிறந்த பிள்ளைக்கு அவமானம் ஒட்டக்கூடாது என்று, 1904 முதல் சான்றிதழில் விடுதி என்று எழுதாமல் வெறும் தெரு முகவரி போட்டார்கள். அப்படியொரு முகவரி அகப்பட்டால் பழைய வரைபடத்தில் சரிபார். உறுதியானபின், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னிலும் போட்டு உடைக்காமல் மாமனாரிடம் தனியாகச் சொல். அந்தத் தலைமுறைக்கு அது இன்னும் சுடும்.

இப்போதைக்கு அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேள். அவருடைய பாட்டி போனது ஆங்கிலிகன் தேவாலயமா, மெதடிஸ்ட் சாப்பலா, கத்தோலிக்கக் கோயிலா? மூன்றுக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகள் தனித்தனி. பதில் வந்ததும் எழுது. பிரெஸ்டனில் இருக்கும் லங்காஷயர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்