ஆகஸ்டில் ஒரு சாக்கடை நடையும் போகலாமா?

சென்னையில் மரபு நடை நடத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னை தினமான ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நீங்கள் நடத்தும் நடைகளில் ஒன்றிரண்டிலாவது வந்து ஒட்டிக்கொள்கிற ஆள் நான். கோட்டை, ஆர்மேனியன் தெரு, உயர் நீதிமன்றம், மயிலாப்பூர் என்று எல்லாம் சுற்றியாயிற்று. குறை சொல்ல இதை எழுதவில்லை, ஒரு விண்ணப்பம்தான். நீங்கள் காட்டுகிற மதராசில் தூண் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, துரைகளின் சமாதிகூட இருக்கிறது. கக்கூஸ் மட்டும் இல்லை. 1871 கணக்கெடுப்பின்போதே ஏறக்குறைய 4 லட்சம் பேர் இருந்த துறைமுக ஊர் இது. அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிவு எங்கே போனது? இதை ஒரு நடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்காகவே ஒரு நடை வையுங்கள். பெயர் உங்கள் விருப்பம். எனக்குச் 'சாக்கடை நடை' என்று வைக்கத்தான் ஆசை.

ஏழு கிணறிலிருந்து கிளம்பலாம். 1772 வாக்கில் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி வெட்டப்பட்ட கிணறுகள் அவை. பத்து வெட்டி ஏழுதான் தேறின என்பார்கள். கிணறு இருந்தது ஊருக்குள், தண்ணீர் போனது கோட்டைக்கு. இந்த ஊரின் சுகாதார நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது. அங்கிருந்து பிராட்வே பக்கம்தான். இன்றைக்குப் பேருந்தும் தள்ளுவண்டியும் முட்டி மோதும் அந்தச் சாலை ஒரு காலத்தில் ஆட்டுப்பள்ளம் என்கிற வடிகால். முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவில் ஓடிய அந்தப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலையாக்கியவர் ஸ்டீபன் போபாம் என்கிற வக்கீல். தெருவைச் சுத்தம் செய்வது, பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது என்று 1780-களிலேயே ஊருக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்த மனுஷன். வடிகாலை மூடி மனை போட்டுவிட்டுச் சுகாதாரம் பேசும் கலையையும் அவரே தொடங்கிவைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்புறம் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை. அந்த வெள்ளைக் கட்டிடத்தை 1913-ல் திறந்தார்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதன் வாசலில் நின்று இன்னொரு கதையையும் சொல்லுங்கள். 1857 கலகத்துக்குப் பிறகு, இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் போரைவிட நோயில் அதிகம் சாகிறார்கள் என்று லண்டனுக்கு உறைத்தது. ஆண்டுக்கு 1000 பேருக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் ராயல் கமிஷன் அறிக்கை தந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல், கடிதத்திலேயே இந்த ஊர்ச் சாக்கடையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த அம்மாள். 1864-ல் வங்காளம், பம்பாய், மதராஸ் என்ற மூன்று மாகாணங்களிலும் சுகாதார கமிஷன்கள் வந்தன. ஆக, சிப்பாய் சாகக் கூடாது என்றுதான் இங்கே சுகாதார இலாகாவே பிறந்தது. ஊர் ஜனத்தின் முறை மெதுவாகத்தான் வந்தது.

1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து குழாய்க்குள் போனது. வடிகட்டல் எதுவும் கிடையாது. ஏரியில் இருந்தது அப்படியே வீட்டுக்கு வந்தது. வடிகட்டிய தண்ணீருக்கு 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து கொடுத்த என்ஜினியர் மேட்லி. தி.நகரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, பக்கத்திலேயே சுரங்கப்பாதையும் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனுஷன் மேல் எனக்குப் பரிதாபம் வரும். பாதாளச் சாக்கடையை 1910-ல் வடிவமைத்தபோது, 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது 17 லட்சத்துக்கு மேல் இருந்தோம்.

கூவத்தின் முகத்துவாரத்துக்குப் போகாமல் விடக் கூடாது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய துறைமுகத்தின் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. நடுவில் கூவத்தின் வாயை மணல் திட்டு அடைத்தது. மெரினாவின் அழகும் கூவத்தின் நாற்றமும் கூடப்பிறந்தவை. காற்று வாங்க வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆற்றங்கரைக் குடிசைகள்தான் ஆற்றைக் கெடுத்தன என்று பேசுகிறவர்களை அந்த மணல் திட்டுக்கு எதிரில் ஐந்து நிமிஷம் நிற்கவையுங்கள்.

பிளேக்கையும் சொல்லிவிடுங்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, நோய் கண்ட ஊர்களிலிருந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துக் கண்காணித்தார்கள். 2020-ல் இ-பாஸ் வாங்கிச் செங்கல்பட்டைத் தாண்டியவர்களுக்கு இது உடனே புரியும். 2020-லும் கையில் எடுத்தது அந்தப் பிளேக் காலத்து 1897-ன் தொற்றுநோய்ச் சட்டம்தானே!

சரி, இவ்வளவையும் விட எனக்கு முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. பலகை எதுவும் இல்லாத இடம்.

திருவல்லிக்கேணியில் என் பாட்டி வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் அந்தக் கதவைத் தூக்கி, கீழே இருக்கிற தட்டை இழுத்து, அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் அவர்கள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் ஊரின் பழைய பகுதிகளில் இப்படிப் பின்சந்துகளே விட்டிருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பாட்டி கொல்லைக் கதவைச் சாத்திவிடுவாள். தகரம் சிமெண்டில் உரசும் சத்தமும், அதன் பிறகு சாம்பலைத் தூவும் சத்தமும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அள்ள வந்த அம்மாவின் முகம் நினைவில் இல்லை. பார்த்ததே இல்லையே, எப்படி இருக்கும்?

குழாய் போட்ட என்ஜினியருக்குச் சாலை இருக்கிறது, கவர்னர்களுக்குக் கால்வாயும் பாலமும் இருக்கின்றன. குழாய் எட்டாத தெருக்களில் தலைமுறை தலைமுறையாக அள்ளிச் சுமந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசுகிற தலித் குடும்பங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொன்று. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர் விஷவாயுவில் செத்தார் என்ற செய்தி நிற்கவில்லை.

அப்படிப்பட்ட சந்துகளில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. பல இடங்களில் ஏசி பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் அடைத்துக்கொண்டுவிட்டன. ஒன்றைத் தேடிப் பிடித்து நடையை அங்கே முடியுங்கள். அங்கே பேசுவதற்கு என்னை மாதிரி புத்தகம் படித்தவர் வேண்டாம். ஓய்வு பெற்ற தூய்மைப் பணியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எந்தச் சந்து எங்கே போகும், எந்த மூடிக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மற்ற வழிகாட்டிகளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள். முன்பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வைத்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நடைகளில் கடைசி வரிசையில் வருகிற ஒருவன்