புல்லட்டை அறுக்கப்போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தாத்தாவின் பழைய 350 புல்லட், சீட்டுக்கு அடியில் சாக்பீஸால் போட்ட கோடு, பக்கத்தில் கிரைண்டரோடு சிரித்துக்கொண்டு நிற்கும் உன் சிநேகிதன். வாலை வெட்டி, டூல் பாக்ஸ் இரண்டையும் கழற்றி, நடுவில் வெட்டவெளி தெரிகிற மாதிரி கஃபே ரேசர், அதாவது பழைய ரேஸ் பைக் பாணி வண்டி, ஆக்கவேண்டும் என்கிறாய். சரி, செய். உன் அம்மா தடுக்கச் சொல்லித்தான் எனக்குப் போன் போட்டாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இதே யோசனையோடு திரிகிற மற்ற பையன்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எதைக் கழற்றினாலும் அது அடுத்து எங்கே உட்காரும் என்று முடிவாகாமல் கிரைண்டரைத் தொடாதே. வாடகை வீடு பார்க்காமல் சாமான்களைத் தெருவில் இறக்கி வைத்தவன் கதையாகிவிடும். பேட்டரி, ரெகுலேட்டர், காயில், ஏர் ஃபில்டர், ஹார்ன் என்று எல்லாம் வயரில் தொங்கிக்கொண்டிருக்க, வண்டி ஒரு வருடம் பட்டறை மூலையில் கிடக்கும். வேலூரில் அப்படிக் கிடக்கிற வண்டிகள் நிறைய.

முதலில் அந்தச் சாக்பீஸ் கோட்டை அழி. சாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்கு முன்னால் போட்டிருக்கிறாய். உன் எடை, பின்னால் உட்காருபவன் எடை, பள்ளத்தில் விழும்போது வரும் அடி, எல்லாம் அந்த போல்ட் வழியாகத்தான் ஃபிரேமுக்குள் ஏறுகிறது. அதற்கு முன்னால் அறுத்தால் சாக்குக்குப் பிடிமானமே இல்லை. போல்ட்டுக்குப் பின்னால், மட்கார்டைத் தாங்குகிற பகுதியில் மட்டும்தான் உனக்கு அறுக்க இடம் இருக்கிறது.

பழைய புல்லட் சேசிஸை எஞ்சின் இல்லாமல் பார்த்திருக்கிறாயா? ஸ்டியரிங் நெக்கிலிருந்து ஒற்றைக் குழாய் இறங்கி எஞ்சினின் முன்பக்கத்தோடு நின்றுவிடும். எஞ்சினுக்கு அடியில் குழாயே ஓடாது. எஞ்சின் கேஸும் கியர்பாக்ஸும் பிளேட்டுகளோடு சேர்ந்துதான் அந்த இடைவெளியை மூடுகின்றன. அதாவது எஞ்சினும் ஃபிரேமின் ஒரு பாகம். அதை இறக்கிவிட்டு வெறும் ஃபிரேமில் வெல்டிங் வைத்தால் சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளும். அப்புறம் எஞ்சினை ஏற்றும்போது போல்ட் ஓட்டை சேராது, சேர்க்கச் சம்மட்டி எடுப்பார்கள். பழைய இரும்புக் கடையில் விரிசல் விட்ட காலி கேஸ் ஒன்று தேடிப் பிடி. அதை மாட்டி எல்லா போல்ட்டையும் முறுக்கிய பிறகு டாக், அதாவது பொட்டு வெல்டிங், அடிக்கச் சொல். முதலில் நாலு இடத்தில் சின்னச் சின்ன டாக், பிறகு இடமும் வலமுமாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கமாக ஒரே மூச்சில் ஓட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதே.

குழாய் விஷயம். தண்ணீர் லைனுக்குப் போடுகிற ஜி.ஐ. பைப்பில் ஹூப் (அறுத்த ஃபிரேமின் இரண்டு முனைகளையும் பின்னால் சேர்க்கிற வளைவுக் குழாய்) வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. அதன் மேலிருக்கிற துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகும். சுவாசித்தவருக்கு ராத்திரி காய்ச்சல் வரும், வெல்டிங்கும் பொத்தலாக நிற்கும். கருப்பு சீம்லெஸ் குழாய், உன் ஃபிரேமின் வெளி அளவிலேயே, 2 முதல் 2.5 மில்லி கனத்தில் வாங்கு. அறுத்த இரண்டு முனைகளையும் அப்படியே ஒட்டவைக்காதே. உள்ளே இறுக்கமாக நுழைகிற ஒரு துண்டுக் குழாயைச் செருகி, வெளிக் குழாயில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு அதன் வழியாகவும் வெல்டிங் வைத்து, பிறகு இணைப்பைச் சுற்றி ஓட்டவேண்டும். ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை இருப்பதால் அந்தப் பக்கம் பாய்லர் வேலை பார்த்துக் கை பழகிய வெல்டர்கள் உண்டு. கேட்டை வெல்டிங் வைக்கிற கடைக்கும் அவர்கள் வேலைக்கும் உள்ள வித்தியாசம் உனக்கே பார்த்தவுடன் தெரியும். கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடு.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்று, டேங்கைக் கழற்றித் தூரமாக வை, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் போச்சு.

ஹூப்பின் உயரம் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். இன்டர்நெட்டில் இருக்கிற படத்தைப் பார்த்து முடிவெடுக்காதே. இரண்டு சாக்கையும் கழற்றிவிட்டு, அவை முழுதாக அமுங்கினால் சக்கரம் எவ்வளவு மேலே வருமோ அந்த இடம் வரைக்கும் தூக்கிக் கட்டை வைத்து நிறுத்து. டயருக்கும் சீட் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரலாவது போகவேண்டும். ஓடும்போது டயரும் கொஞ்சம் விரியும் என்பதையும் கணக்கில் வை. இதைப் பார்க்காமல் கட்டின வண்டிகளில் ஆள் ஏறி உட்கார்ந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் டயர் சீட்டை உரசுகிற சத்தம் கேட்கும்.

மோனோஷாக், அதாவது இரண்டு சாக்குக்குப் பதில் நடுவில் ஒரே சாக், போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். இப்போது இருக்கிற சாக் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை ஸ்விங் ஆர்மின், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடுகிற கையின், நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்த ஒற்றைச் சாக்கின் மேல் விழுகிற விசை, இப்போது இரண்டு சாக்கும் சேர்ந்து தாங்குவதைப்போல இரண்டு மடங்காகும், அது அமுங்குகிற தூரம் பாதியாகும். எனவே இப்போதைய இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்ததைப்போல நாலு மடங்கு கடினமான ஸ்பிரிங் வேண்டும். வேறு ஏதோ வண்டியின் சாக்கைக் கண்ணளவில் எடுத்து மாட்டினால் தொப்பென்று உட்கார்ந்துவிடும். அதோடு, விசை ஏறுகிற மேல்முனையைப் பிடிக்க அந்த இடத்தில் புல்லட் ஃபிரேமில் ஒன்றுமே கிடையாது.

இனி இடம் மாறுகிற சாமான்கள். உன் வண்டி கிக்கர் என்பதால் பெரிய பேட்டரி தேவையில்லை, ஆனால் ஸ்பார்க்குக்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பிளாட்டினம் பாயின்ட் வைத்த வண்டிக்குப் பேட்டரி செத்தால் ஸ்பார்க்கும் செத்த மாதிரிதான். ஆசிட் ஊற்றுகிற பேட்டரியைப் படுக்க வைக்கக் கூடாது. சீல் செய்த பேட்டரி என்றால் பக்கவாட்டில் படுக்கலாம், தலைகீழாக வேண்டாம். சீட் தகட்டுக்கு அடியில் ரப்பர் போட்ட ஒரு தட்டில் வை, மேலே வார் போட்டுக் கட்டு. பேட்டரிக்குப் போகிற கரண்டை அளவோடு வைக்கிற ரெகுலேட்டரை அந்தத் தட்டிலேயே பேட்டரியோடு சேர்த்துத் திணிக்காதே. அது சூட்டை வெளியே விட்டுத்தான் பிழைக்கிறது, நம் ஊர் மே மாதம் எப்படி என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. காற்று படுகிற இடத்தில், ஃபிரேமின் இரும்பில் பெயின்டைச் சுரண்டிவிட்டு எர்த் நன்றாகப் பிடிக்கிற மாதிரி மாட்டு. காயிலை டேங்குக்கு அடியில் வைத்தால் பிளக் வயர் குட்டையாக இருக்கும். ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டினால் காற்று கூடும், பெட்ரோல் பத்தாது. கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற மெயின் ஜெட்டைப் பெரிய அளவுக்கு மாற்றாமல் நெடுஞ்சாலையில் விரட்டாதே, பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்லைட் மூடியையும் கழற்றவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது வெறும் மூடி இல்லை. பழைய புல்லட்டில் அந்த வார்ப்பே ஃபோர்க்கின் மேல்பிடி, குழாய்கள் இரண்டும் மரையோடு அதற்குள்தான் ஏறி நிற்கின்றன. கழற்றினால் அந்த மேல்பிடிக்குப் பதில் வேறு யோக் தேடவேண்டும், லேத்தில் வேலை வரும். பேட்டரிக்குக் கரண்ட் போகிறதா வருகிறதா என்று காட்டுகிற அம்மீட்டரும் அதில்தான் இருக்கிறது. தாத்தா எப்படி ஸ்டார்ட் செய்வார் என்று ஞாபகம் இருக்கிறதா? சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்குவார். முள் மைனஸ் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்ததும் நிறுத்துவார். பாயின்ட் திறந்து பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஷரை அழுத்தி ஒரு நூல் தாண்டவைத்து, அப்புறம் ஒரே உதை. அந்த முள் இல்லாமல் நீ குருட்டாம்போக்கில் உதைக்கவேண்டியிருக்கும், கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் போகும். என்னைக் கேட்டால் அந்த முகத்தை அப்படியே விடு. அந்த வண்டியில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது 15 வருடம் தாண்டிய வண்டி வேறு. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ.வில் நிறுத்திக் காட்டவேண்டும். நெக்கில் குத்தியிருக்கிற சேசிஸ் நம்பர் மேல் கிரைண்டரோ புட்டியோ பட்டால் தீர்ந்தது.

அதனால் என் யோசனை வேறு. அறுக்கவே அறுக்காதே. பின் மட்கார்டும் பிராக்கெட்டுகளும் போல்ட்டில்தானே நிற்கின்றன? அவற்றைக் கழற்று, ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளிலேயே போல்ட்டில் மாட்டுகிற மாதிரி குட்டை மட்கார்டும் சீட் தகடும் செய். ஆம்பூரில் தோலுக்குப் பஞ்சமில்லை, ஷூ கம்பெனிகளில் மிஞ்சுகிற துண்டுகளிலேயே ஒற்றை சீட்டுக்கு உறை தைத்துவிடலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீ அறுத்த மாதிரிதான் தெரியும். புதுப்பிக்கிற நாள் வந்தால் ஒரு மத்தியானத்தில் பழைய சாமானை மாட்டிவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு அறுத்தே தீருவேன் என்றால், பவுடர் கோட்டிங் கடைக்கு உடனே ஓடாதே. வெல்டிங் வைத்த இடங்களில் வெள்ளை பிரைமர் மட்டும் அடித்துக் கொஞ்ச நாள் ஓட்டு, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கு. விரிசல் விட்டால் வெள்ளையின் மேல் மயிரிழையாகத் துருக்கோடு தெரியும். கோட்டிங்குக்கு அடியில் இருந்தால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாக்கைக் கழற்றிச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்து. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எத்தனை மில்லி என்று டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. ஆர்.சி. எது வரைக்கும் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்.

உன் மாமா