குளிர்காலத்தில் மலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு

பனிமலை ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுத் தலைவர்களுக்கு,

வணக்கம். பல குளிர்காலங்கள் பனியில் களப்பணி செய்தவன் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது இதுதான்: பயணத் திட்டத்தில் சும்மா காத்திருப்பதற்கென்று சில நாட்களைச் சேருங்கள். பாதியில் திரும்பி வருகிறவர்களைக் குற்றவாளி போல நிறுத்தாதீர்கள்.

பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். வேலைக்கு ஏற்ற நாள் போலத் தோன்றும். பனிச்சரிவுக்கோ அதைவிட மோசமான நாள் கிடையாது. 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் பனிப்பாளம் அதிகம் பெயர்கிறது. அடியில் சர்க்கரை போலப் பிடிப்பில்லாத பழைய பனி இருந்தால், மேலே ஓர் ஆள் கால் வைத்தாலே போதும். காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வண்டி, திரும்பும் தேதி எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். கிளம்பிவிடுகிறோம்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஒதுக்குப்புற மலைக்கு ஹெலிகாப்டர் அதற்குள் வராது. கூட நிற்பவர்தான் மீட்புப்படை. ஆகவே புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும், கிளம்புமுன் பயிற்சியும் வேண்டும்.

குளிர் வேறு மாதிரி வரும். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 33 போலத் தெரியும். ஒரு முறை எங்கள் குழுவில் ஓர் இளைஞர், பனி அடுக்குகளை அளக்கத் தோண்டிய குழிக்குள் நின்று வெப்பநிலை குறித்துக்கொண்டிருந்தார். பேனா மை உறைந்துவிடும் என்பதால் பென்சில். எழுதுவதற்காக வெளிக்கையுறையைக் கழற்றியிருந்தார். எண்கள் கோணலாயின. அப்புறம் ஒரே எண்ணை மூன்று வரிகளில் எழுதினார். கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா, முடிச்சிடலாம்" என்றார். நாக்கு குழறியது. உடல் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது புத்தியும் தடுமாறத் தொடங்கும். தனக்கு ஆபத்து என்று அவருக்கே தெரியாது. காற்றுப் படாத இடத்தில் ஈரத் துணியை மாற்றி, தூக்கப் பைக்குள் படுக்கவைத்து, இனிப்பான வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். தேறினார். அத்தோடு வேலையை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

பாதித் தரவோடு வந்ததற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு அதே இளைஞர் விரல் மரத்தும் வாய் திறக்கவில்லை. நான் தற்செயலாகக் கவனித்ததால் விரல்கள் தப்பின.

குழுவில் யார் "திரும்பலாம்" என்றாலும், அவர் எவ்வளவு இளையவரானாலும், எல்லாரும் திரும்பலாம் என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.