ஒரு கட்டு குண்டூசி

குவின்சி, மாசசூசெட்ஸ்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. மனசில் இருப்பதைச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குளிர் இன்னும் வரவில்லை. காலையில் ஒரு ஸ்வெட்டர் போதும். பாஸ்டனுக்கு நான் ரயில் ஏறும் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கருங்கல் தேவாலயம் இருக்கிறது. ஒரு வருஷமாக அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தேன். போன சனிக்கிழமைதான் உள்ளே போனேன். நிலவறையில் நான்கு கல்லறைகள். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகேல், ஆறாவது ஜனாதிபதியான மகன் ஜான் குவின்சி, மருமகள் லூயிசா. அங்கிருந்து அவர்கள் வாழ்ந்த வீட்டையும் பார்க்கப் போனேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மர வீடுகள். ஒன்றில் 1735-ல் அப்பா பிறந்தார், அடுத்ததில் 1767-ல் மகன். இரண்டாவது வீட்டின் சமையலறையில் பெரிய கணப்படுப்பு. அதன் முன்னால் நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது.

சொல்கிறேன் கேள். 1774-ல் ஜான், அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் கூட்டத்துக்காகப் பிலடெல்பியா போனார். அப்புறம் பிரான்ஸ், ஹாலந்து. பத்து வருஷத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. நிலம், கூலியாள், வரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மனைவி அபிகேல் தலையில். பிரிட்டனிடமிருந்து விடுதலைக்காக நடந்த போர்க்காலத்தில் ஆள் கிடைக்காது, கூலி ஏறிப்போகும். அதையும் சமாளித்தார். நிர்வாகம் நான் இருந்ததைவிட நன்றாக நடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று ஜானே எழுதினார்.

1775 ஜூன் 17 அன்று நடந்த சண்டையில், பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான சார்ல்ஸ்டவுன் எரிவதை, அபிகேல் ஏழு வயது ஜான் குவின்சியோடு பென்ஸ் ஹில் என்ற குன்றின் மேல் நின்று பார்த்தார். பீரங்கிச் சத்தத்தில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று கணவருக்கு எழுதினார். அந்தப் பையனின் விரலை வெட்டாமல் காப்பாற்றிய குடும்ப டாக்டர் வாரன் அந்தச் சண்டையில்தான் செத்துப்போனார். அதே மாதம் அபிகேல் எழுதிய இன்னொரு கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார் தெரியுமா? ஒரு கட்டு குண்டூசி வாங்கி வாருங்கள் என்று. போரால் கப்பல் வராமல், குண்டூசிகூட விலை ஏறிக் கிடந்த நேரம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜான் வாஷிங்டனைத் தளபதியாக்கும் பேச்சில் இருந்தார். வீட்டில் துணியைக் குத்த ஊசி இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரில் சீதபேதி பரவி அபிகேலைப் பெற்றவள் போய்விட்டாள். அடுத்த வருஷம் நான்கு பிள்ளைகளையும் பாஸ்டனுக்குக் கூட்டிப்போய்ப் பெரியம்மைக்குக் குத்திக்கொண்டார். அந்தக் காலத்து முறை, அம்மைச் சீழையே உடம்பில் ஏற்றுவது, உயிருக்கே ஆபத்தானது. 1777 ஜூலையில் வயிற்றுப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பிரசவ வலியிலும் கணவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரிடம் வேறு எப்படித்தான் சொல்வது?

1776-ல் புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டதற்கு ஜான் சிரிப்பு வருகிறது என்று பதில் எழுதினார். எனக்குக் கோபமாக வந்தது. கல்யாணமான பெண் பெயரில் சொத்தே இருக்க முடியாத காலம் அது. ஆனால் அபிகேல் சும்மா இருக்கவில்லை. ஜான் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய கைக்குட்டை, ரிப்பன் போன்றவற்றை விற்றுக் காசு சேர்த்தார். ஜானுக்கு நிலத்தின் மேல்தான் ஆசை. இவர் அரசுக் கடன் பத்திரங்களில் போட்டார். 1816-ல் தானே உயில் எழுதி, பெரும்பாலும் பேத்திகள், மருமகள்கள், வேலைக்காரிகள் என்று பெண்களுக்கே எழுதி வைத்தார். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. ஆனாலும் எழுதினார்.

துக்கம் விடவில்லை. மகன் சார்லஸ் குடியால் 1800-ல் இறந்தான். மகள் நாபிக்கு மார்பில் புற்றுநோய்; 1811-ல் மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஆபரேஷன். இரண்டே வருஷத்தில் அவளும் போய்விட்டாள்.

அத்தான் துபாய் போய் ஒன்பது வருஷம். நாத்து பறிக்க ஆள் தேடி நீ விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்ததும், மழையில் களத்து நெல்லைத் தனியாக அள்ளியதும் எனக்குத் தெரியும். யாரும் அதை உன்னிடம் பாராட்டிச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா.

நீ கேட்ட முட்டிக் கட்டும் பாப்பாவுக்கு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேறு என்ன வேண்டும் என்று கூச்சப்படாமல் எழுது, குண்டூசியாக இருந்தாலும் சரி. சம்பா நடவு எப்போது?

அன்புடன்,
உன் தங்கை