தலைமாடு கால்மாடு

சுங்கை சிப்புட்

அன்புள்ள கிராணி மகளுக்கு,

ஏழு மாசமாக எழுதாதது தப்புதான். தீபாவளிக்கு வரும்போது சேர்த்துத் திட்டிக்கொள். இங்கே மற்றபடி சுகம். லயத்துக்குப் பின்னாலிருந்த பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

விஷயம் அக்காவைப் பற்றி. கருப்பைவாயில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின படி: சிஐஎன் 3. அந்த இடத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். முப்பது வருஷம் பால் வெட்டினவள், வெட்கத்தில், கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஒரு பாப் ஸ்மியர்கூட எடுத்ததில்லை!

ரிப்போர்ட்டில் 'லாஸ் ஆஃப் போலாரிட்டி', அதாவது செல்கள் திசை தப்பிப்போவது, என்று ஒரு வரி. ஒரு வாரமாக அதைத்தான் படிக்கிறேன். நம் மேலுறைச் செல்களுக்குத் தலைமாடு கால்மாடு உண்டு. அடிவரிசை, நாம் நிரை பிடித்த மரங்கள் மாதிரி ஒழுங்காக நிற்கும். மேலே வர வரத் தட்டையாகி உதிரும். அக்காவுக்கு அந்த அடுக்கு குலைந்து, அடியிலிருந்து உச்சிவரை ஒரே கும்பல்.

பழ ஈயில் இதற்கு மூன்று காவல் ஜீன்கள்: ஸ்கிரிபிள், டிஸ்க்ஸ் லார்ஜ், எல்ஜிஎல். இவை கூட்டாக வேலை செய்வதை 2000-இல் காட்டினார்கள். ஒன்று கெட்டாலும் அந்த ஈயின் புழுவுக்குள் திசு குவிந்து கட்டியாகிவிடும். ஆனால் நல்ல செல்களுக்கு நடுவே சில செல்கள் மட்டும் இப்படிக் கெட்டால், அக்கம்பக்கத்துச் செல்களே அவற்றை ஒழித்துக்கட்டும். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே செல்லில், பெருகத் தூண்டும் ராஸ் ஜீனும் முடுக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அது பிழைத்துப் பெருகி மற்ற இடங்களுக்கும் பரவும். 2003-இல் கண்டது அது. திசை தப்புவது மட்டும் போதாது, கூட்டாளி வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை வரவழைக்கும் எச்பிவி 16, 18 வகைக் கிருமி அந்தக் கூட்டாளியையும் தானே கொண்டு வருகிறது. அதன் ஈ6 புரதம் நம்முடைய ஸ்கிரிபிளையும் அழிக்கிறது, செல்லைக் கட்டுப்படுத்தும் பி53-ஐயும் அழிக்கிறது. ஒரே கையால் இரண்டு வேலை!

இப்போது உன் சின்னவளுக்கு வருகிறேன். ஃபாரம் ஒன் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த எச்பிவி தடுப்பூசிப் பாரத்தை நீ அலமாரியில் வைத்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். 2010-இலிருந்து நம் நாட்டில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் ஊசிதானடி அது. கிருமி தொடுவதற்கு முன்னே போட்டால்தான் முழுப் பலன். நீ என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போடு.

வியாழக்கிழமை அக்காவை ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லச் சொன்னாள்.

உன்,
ரெண்டாம் லயத்துக்காரி