அம்மாவுக்கு, சோம்பாவிலிருந்து

சோம்பா, மலாவி
14.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தம்பி, மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை போனில் "சமையல் போட்டி என்னாச்சு?" என்று நீ கேட்டதும் லைன் அறுந்துவிட்டது. அப்புறம் இரண்டு நாள் கரண்டும் இல்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியை மெதுவாக வாசித்துக் காட்டச் சொல். ஆச்சியையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள். ஆச்சியிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது.

இங்கே இப்போது நல்ல குளிர். நம் ஊரில் ஆனிக் காற்று புழுதியை வாரி இறைக்கிற இந்த நேரத்தில், இங்கே நான் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். மொசாம்பிக் பக்கமிருந்து ஒரு பனித்தூறல் வந்து இரண்டு மூன்று நாள் அப்படியே கவிழ்ந்து கிடக்கும். 'சிப்பெரோனி' என்பார்கள். அந்தப் பக்கம் உள்ள ஒரு மலையின் பெயர்தான் அது. சிப்பெரோனி வந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சோம்பா மலை கண்ணுக்கே தெரியாது. துவைத்த துணி காயாது, அடுப்புக்கரி பற்றாது. போட்டி நடந்த அன்றைக்கும் அதே கதைதான்.

ஜூலை 6 இந்த நாட்டுக்குச் சுதந்திர தினம். 1964-இல் விடுதலை பெற்றார்கள். அன்றைக்குக் கல்லூரி விடுமுறை என்பதால், வெளிநாடுகளிலிருந்து தொண்டு வேலைக்கு வந்திருக்கிற நாங்கள் எல்லோரும் சேர்ந்து சமைப்பது என்று முடிவு செய்தோம். ஒலிபெருக்கி, பாட்டு எதுவும் வேண்டாம் என்றும் பேசிக்கொண்டோம். போன மாதம் 10-ஆம் தேதி இந்த நாட்டுத் துணை அதிபர் விமான விபத்தில் இறந்துபோனார். என் மாணவிகள் வகுப்பிலேயே அழுதார்கள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கூட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்னோடு நர்சிங் சொல்லிக்கொடுக்கிற பிலிப்பைன்ஸ் அண்ணன், கணக்கு வாத்தியாராக இருக்கிற உகாண்டா தம்பி, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு பார்க்கிற டச்சு டாக்டரம்மா, பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற ஜப்பான் பெண், தண்ணீர்த் திட்டத்தில் இருக்கிற கென்யாக்காரர். ஜப்பான்காரர்கள் 1971 முதலே இங்கே தொண்டர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் வந்து இறங்கியபோதே ஊரில் பாதிப் பேர் ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னார்களாம்.

போட்டிக்கு வைத்த விதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆளுக்கு 15,000 குவாச்சா, நம் பணத்தில் சுமார் 700 ரூபாய். அதற்குள் பன்னிரண்டு பேருக்கு ஆக வேண்டும். சோம்பா சந்தையிலோ அக்கம்பக்கத்துத் தோட்டத்திலோ கிடைப்பதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பொடி, பொட்டலம், டப்பா எதையும் தொடக் கூடாது. விதியைச் சொன்னவர் கென்யாக்காரர். காரணமும் சொன்னார். இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மார்ச் மாதத்தில் அதிபர் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதி என்று அறிவித்தார். நம்மூரில் நெல் போல இங்கே மக்காச்சோளம். அது தெற்கில் பல இடங்களில் கதிர் பிடிக்கும் முன்னே கருகிப்போனது. பக்கத்து வீடுகளில் மாவு விலையை எண்ணி எண்ணிச் சாப்பிடுகிற காலத்தில் நாம் வெளிநாட்டு டப்பாக்களைத் திறந்து விருந்து வைப்பது சரியில்லை என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அம்மா, நீ வறுத்து அரைத்து மூன்று கவரில் சுற்றி அனுப்பின சாம்பார்ப் பொடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதில்லாமல் சாம்பார் வைப்பதென்றால் எப்படி? பெருங்காயமும் கிடையாது. கறிவேப்பிலை கிடையாது.

பக்கத்து வீட்டு அகோகோவிடம் போய் உட்கார்ந்தேன். அகோகோ என்றால் பாட்டி. இந்த ஊர்ப் பேச்சில் அம்மாவை 'அமாயி' என்கிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது யாரோ 'அம்மாயி' என்று கூப்பிடுகிற மாதிரி இருந்து திரும்பிப் பார்த்தேன். நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு 'இவே', பெரியவர்களுக்கு 'இனு'. அகோகோவிடம் நான் ஒரு நாளும் 'இவே' போட்டதில்லை என்பதால் அவருக்கு என் மேல் தனிப் பிரியம்.

அவர் தோட்டத்தில் மக்காச்சோளத்துக்கு நடுவே ஊடுபயிராக நிற்பது என்ன தெரியுமா? துவரை! சோளம் காய்ந்து விழுந்த பிறகும் ஆள் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. காற்றில் ஆடும்போது நம் கரிசல் காட்டைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். இங்கே அதற்கு 'நந்தோலோ' என்று பெயர். இந்த மாதம் பச்சைக்காய் வருகிற நேரம். உப்புப் போட்டு தோலோடு அவித்து, சாயங்காலம் குழந்தைகள் உரித்துத் தின்கின்றன. நம் வீட்டில் தை மாதம் நடக்கிறது இங்கே ஆடிக்கு முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான்.

அகோகோ ஒன்று சொன்னார். முன்பெல்லாம் நந்தோலோ விற்ற காசில்தான் பேரப்பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவாராம். ஒரு வருஷம் திடீரென்று வியாபாரிகள் வரவில்லை, வந்தவர்களும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள் என்றார். அது 2017. அந்த ஆகஸ்டில் நம் அரசாங்கம் துவரை இறக்குமதிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வைத்தது. நம் ஊரிலும் அந்த வருஷம் துவரை விலை படுத்துக் கிடந்ததையும், அப்பா மூட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு திண்ணை, இங்கே ஒரு திண்ணை. அப்புறம் 2021-இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 50,000 டன் மலாவித் துவரையை இந்தியா வாங்கிக்கொள்ளும். நீ கடையில் வாங்குகிற பருப்பில் ஒரு கை அகோகோவின் காட்டிலிருந்தும் வந்திருக்கலாம் அம்மா. அவரிடம் அதைச் சொன்னேன். "உன் அமாயி அதை என்ன செய்வார்?" என்று கேட்டார். சாம்பார் வைப்பாள் என்றேன். "அப்படியானால் அதையே செய், நானும் பார்க்கிறேன்" என்றார். அத்தோடு என் கவலை தீர்ந்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே சந்தைக்குப் போனோம். சோம்பா சந்தையைப் பார்த்தால் உனக்குக் கை நிற்காது. மலையிலிருந்து இறங்கின உருளைக்கிழங்கு, பூசணி, சில்வா ஏரியில் பிடித்துக் காயவைத்த 'மத்தேம்பா' என்கிற பொடிக் கருவாடு, குவியல் குவியலாக நிலக்கடலை. தக்காளியை நம்மூர் மாதிரியே கூறு கட்டித்தான் விற்கிறார்கள். புளிக்கு இங்கே 'ப்வெம்பா' என்று பெயர். ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவிடம் மட்டும்தான் அன்றைக்கு இருந்தது. நானும் பிலிப்பைன்ஸ் அண்ணனும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். அவர் வைக்க நினைத்திருந்த 'சினிகாங்' என்ற மீன் ரசத்துக்குப் புளிதான் உயிர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் இருந்த புளியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

அடுத்த கடையில் முருங்கைக்கீரை. இங்கே 'சாம்வம்பா'. நான் "முருங்கை" என்று கத்தினேன், அதே நேரம் அண்ணன் "மாலுங்காய்" என்று கத்தினார். அவர்கள் ஊரில் முருங்கைக்கு அதுதான் பேர்! இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிள்ளை பெற்றவளுக்கு அவர் அம்மாவும் முருங்கைக்கீரைச் சாறுதான் வைத்துக் கொடுப்பாராம்.

பருப்புதான் பெரிய வேலை. உடைத்த பருப்பு சந்தையில் கிடையாது. இவர்கள் முழுத் துவரையாகத்தான் சமைப்பார்கள். போன வருஷத்துக் காய்ந்த நந்தோலோவை முந்தின நாள் இரவே ஊறவைத்திருந்தேன். அடுப்பு 'ம்பவுலா', தகரத்தில் செய்த கரி அடுப்பு. சிப்பெரோனித் தூறலில் கரி நமத்துப்போய், விசிறி விசிறி என் கை ஓய்ந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கொதித்தும் துவரை விதை மாதிரியே கிடந்தது. அகோகோ வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு சிரட்டை அளவு கலங்கின நீர் கொண்டுவந்து ஊற்றினார். சாம்பலைக் கரைத்து வடிகட்டின நீர் அது. 'சிதூலோ' என்பார்கள். வெண்டைக்காய்க் குழம்புக்குக்கூட இதைத்தான் ஊற்றுகிறார்கள். நாம் சோடா உப்பு போடுகிற இடத்தில் இவர்களுக்குச் சாம்பல் நீர். அரை மணியில் துவரை குழைந்து தோல் கழன்று மிதந்தது. தோலை அரித்தெடுத்துவிட்டு அவருடைய மர அகப்பையாலேயே மசித்தேன்.

பொடிக்குப் பதிலாகக் காய்ந்த மிளகாயும் நிலக்கடலையும் வறுத்து, அகோகோவின் உரலில் இடித்துக்கொண்டேன். நிலக்கடலை மாவுக்கு இங்கே 'ந்சிஞ்சிரோ' என்று பெயர், கீரைக்கெல்லாம் போடுவார்கள். தேங்காய் அரைத்துவிட்ட மாதிரி ஒரு கெட்டிப் பதம் வந்தது. பெருங்காயத்துக்குப் பதில் பூண்டு நசுக்கிப் போட்டேன். பூசணி, கத்தரிக்காய், கடைசியில் முருங்கைக்கீரை.

தாளிக்கக் கடுகில்லை. கடுகு வெடிக்காமல் எப்படி இறக்குவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் அகோகோவின் வேலி ஓரத்தில் காய்ந்து நின்ற செடியைப் பார்த்தேன். 'ம்பிரு' என்று அவர்கள் தினமும் கீரையாகச் சமைப்பது கடுகுக்கீரைதான். இலையைப் பறிப்பார்களே தவிர விதையைச் சாப்பிடுவதில்லை. அடுத்த மழைக்கு விதைக்க வேண்டும் என்று நாலைந்து செடியை மட்டும் காயவிட்டிருந்தார். கேட்டதும் இரண்டு செடியை உருவி உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டுத் தந்தார். விதைக்கு வைத்திருந்ததை எனக்குக் கொடுத்தார் அம்மா. மழை பொய்த்த வருஷத்தில். அது எண்ணெயில் படபடவென்று வெடித்தபோது என் கண் கலங்கியது புகையால் இல்லை.

மற்றவர்கள் சமையலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டச்சு டாக்டரம்மா உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்து ஒரு களி மாதிரி செய்தார், குளிருக்கு இதமாக இருந்தது. ஜப்பான் பெண் முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து, முட்டையும் மாவும் கலந்து அடை போல வார்த்தாள். உகாண்டா தம்பி நிலக்கடலைக் குழம்பு. கென்யாக்காரர் மக்காச்சோளக் களி கிண்டினார். அதை அவர் 'உகாலி' என்கிறார், உகாண்டாவில் 'போஷோ', இங்கே 'ந்சீமா'. எந்த ஊர்க் களி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் மூன்று பக்கமும் வாதாடினது சாப்பாட்டைவிட நேரம் எடுத்தது.

நடுவர்கள் மூன்று பேர்: விடுதிச் சமையல்காரம்மா, இரவுக் காவலாளி, என் மாணவி ஒருத்தி. இங்கே சாப்பிடுமுன் ஒருவர் செம்பு நீர் ஊற்ற மற்றவர் கை கழுவுவார். சின்னவர்கள்தான் ஊற்றுவார்கள். நானும் ஜப்பான் பெண்ணும் ஊற்றினோம்.

முதல் பரிசு பிலிப்பைன்ஸ் அண்ணனின் மீன் ரசத்துக்கு. ஏரி மீன் 'சாம்போ' போட்டிருந்தார், அதோடு யாரும் போட்டி போட முடியாது. பரிசு, செதுக்கின ஒரு 'ம்தீக்கோ', களி கிண்டுகிற துடுப்பு. எனக்கு இரண்டாம் இடம். காவலாளி சாம்பாரை நான் வடித்த கிலோம்பெரோ அரிசிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளவில்லை. ந்சீமாவை உருட்டிக் குழித்து, அதில் தோய்த்துச் சாப்பிட்டார். ஆச்சி கம்மங்களியைக் குழித்துக் குழம்பு ஊற்றுவது போலவே இருந்தது. மூன்று தடவை வாங்கினார்.

அகோகோ கடைசியாகச் சாப்பிட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இது நந்தோலோதான். ஆனால் இதற்கு நான் இத்தனை வருஷம் புளி ஊற்றிப் பார்த்ததில்லையே" என்றார். மிச்சத்தைப் பேரப்பிள்ளைகளுக்குத் தூக்கில் வாங்கிக்கொண்டு போனார். இந்த வாரம் புதன்கிழமை அவரே வைத்து எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். கடுகு தாளித்து! புளி கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாக இருந்தது.

இப்போது ஆச்சியிடம் கேட்க வேண்டியது. அகோகோவுக்கு முழுத் துவரையை வீட்டிலேயே பருப்பாக உடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கரிச் செலவு பாதியாகும் என்கிறார். எனக்கு ஆச்சி செம்மண் கட்டுவது கொஞ்சம் நினைவிருக்கிறது. முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப்போட்டதும், கோழி விரட்ட என்னை உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது. கணக்குதான் தெரியவில்லை. துவரையை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்? செம்மண்ணைக் கரைத்து ஊற்றுவதா, பிசைந்து புரட்டுவதா? எத்தனை வெயில் காய வேண்டும்? திருகையில் போடுமுன் மண்ணை உதறிவிடுவதா? இங்கே திருகை கிடையாது, தேய்த்து அரைக்கிற சாய்வுக் கல்தான் இருக்கிறது. அதில் உடைக்க முடியுமா என்று ஆச்சி சொல்லட்டும். மண்ணுக்குப் பஞ்சமில்லை, இந்த ஊரே செம்மண்தான்.

தம்பியை எழுதி அனுப்பச் சொல். அடுத்த மாதம் காய் முற்றிக் காய்ந்து அறுப்பு தொடங்கிவிடும். அதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் மூத்த மகள்